அறுநூற்றுப் பதினோரு முறை பூட்டிய நிலையம்

கடிதம் ‘வாழ்த்துகள்’ என்று தொடங்கியது. கமலம் அதை ரயில் நிலையத்தின் பேன்ட்ரியில் நின்றபடி படிக்க ஆரம்பித்தாள். பாதியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முடித்ததும் எதிரே இருந்த தேநீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டாள்.

“அக்கா, அது என்னோட டீ,” என்றார் சக ஊழியர் முகம்மது யூசுப்.

“இந்தா, இதுவும் உன்னோடதுதான்,” என்று கடிதத்தை அவரிடம் நீட்டினாள் கமலம்.

ஒன்பதே நிலையங்கள் கொண்ட குட்டி எல்ஆர்டி பாதை அது. கிளமெண்டியில் கிளம்பி, வீடமைப்புப் பேட்டைகளுக்கு நடுவே ஒரு வளையம் போட்டு, மறுபடியும் கிளமெண்டிக்கே வந்து நிற்கும். அதை நடத்திய கம்பெனியும் குட்டிதான். மொத்தம் நாற்பது பேர்கூட இல்லை. தீவின் மேற்கில் இருந்த இன்னும் இரண்டு சின்னப் பாதைகளை ஒரு பெரிய ரயில் கம்பெனி முன்பே எடுத்துக்கொண்டிருந்தது. இப்போது மூன்றாவதாக இவர்களுடையது. ஜூலை முதல் தேதியிலிருந்து சட்டை நிறம் மாறும், சம்பளச் சீட்டில் பெயர் மாறும், ரோஸ்டரைக் கம்ப்யூட்டர் போடும். யாருக்கும் வேலை போகாது என்று சொல்லியிருந்தார்கள். எந்த நிலையம், எந்த ஷிஃப்ட் என்பதைத் தனித்தனிக் கடிதம் சொல்லும்.

கமலத்தின் கடிதம் சொன்னது இதுதான். அவளுடைய பணிப்பதிவைப் பார்த்துப் பெரிய கம்பெனி மகிழ்கிறது. கடந்த ஐந்து ஆண்டுகளில் அறுநூற்றுப் பதினோரு முறை அவள் தனியாளாக நிலையத்தைப் பூட்டியிருக்கிறாள். ஒரு பிழைகூட இல்லை. ஆகவே அவளைச் சுவா சூ காங் நிலையத்தில் மாலை ஷிஃப்ட்டின் தலைவியாக நியமிக்க விரும்புகிறார்கள்.

உண்மையில், அந்த ஐந்து ஆண்டுகளில் கமலம் ஒரு முறைகூட நிலையத்தைப் பூட்டியதில்லை.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. பிறந்து வளர்ந்தது ஃபேரர் பார்க் பக்கம். பள்ளி முடித்ததும் கம்ப்யூட்டர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பதினாறு வருடம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து வேலை பார்த்தாள். தொழிற்சாலை நாட்டை விட்டுப் போனது, அவள் போகவில்லை. கொஞ்ச நாள் சூப்பர்மார்க்கெட்டில் நின்றாள். பிறகு இந்தப் பாதை திறந்தபோது வேலைக்குச் சேர்ந்தாள். டிக்கெட் இயந்திரத்தில் காகிதம் மாற்றுவது, லிஃப்ட்டில் சிக்கியவரிடம் பதறாமல் பேசுவது, தூங்கிப்போய் இரண்டு சுற்று சுற்றிவிட்ட முதியவரை எழுப்பி இறக்கிவிடுவது என்று எல்லா வேலையும் அவளுக்கு அத்துபடி. வேலையைப் பிடிக்குமா என்று யாராவது கேட்டால் காலுக்கு நல்லது என்பாள்.

ஐந்து வருடத்துக்கு முன் அவள் கணவர் கோவிந்தராசுவுக்குப் பக்கவாதம் வந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வலது பக்கம் விழுந்தது, பேச்சு குழறியது. அதையெல்லாம் சமாளிக்கலாம், விழுங்குவதுதான் பெரிய தொல்லை. தண்ணீரைக்கூடப் பவுடர் போட்டுக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லி, சின்னக் கரண்டியில் ஒரு வாய். தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வாய். வலது கன்னத்துக்குள் சோறு தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்கவிடக் கூடாது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் நின்று கமலம் இதைக் கற்றுக்கொண்டாள்.

காலையில் அவரை எழுப்பிக் குளிப்பாட்டி, பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தின் வேனில் ஏற்றுவது மகள் நிரஞ்சனா. காலைக் கஞ்சியும் மதியச் சாப்பாடும் அங்கேயே. மாலை ஐந்து மணிக்கு வேன் அடுக்குமாடி புளோக்கின் கீழே கொண்டுவந்து விடும்போது வாங்கிக்கொள்ள ஆள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேன் அவரைத் திருப்பிக் கொண்டுபோய்விடும். நிரஞ்சனா மருந்துக் கடை வேலை முடித்து வீடு சேர எட்டரை ஆகும். ஒரு நாள் அவள் விடுப்பில் இருந்தபோது அப்பாவுக்கு அவசரமாக ஊட்டினாள். உணவு நுரையீரலுக்குப் போய்விட்டது. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. அன்றிலிருந்து மாலைச் சாப்பாடு கமலத்தின் வேலை. வீட்டோடு ஒரு பணிப்பெண் வைத்தும் பார்த்தார்கள். நல்ல பெண்தான், ஆனால் கோவிந்தராசு அவள் கையால் வாயைத் திறக்கவே இல்லை. மூன்று மாதத்தில் அவளே வேறு வீடு கேட்டுக்கொண்டாள்.

ஆகவே கமலத்துக்குக் காலை ஷிஃப்ட் வேண்டும். நிலைய மேற்பார்வையாளர் லீலாவிடம் கேட்டாள். லீலாவுக்கு வயது அறுபத்தொன்று. எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

“தலைமை அலுவலகத்துக்கு ஃபாரம் போட்டா மூணு மாசம் ஆகும்,” என்றாள் லீலா. “காந்தத்தை நகர்த்தினா ஒரு நிமிஷம்.”

பேன்ட்ரிச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபிரிட்ஜ் காந்தம். கமலத்துக்குக் கத்தரிக்காய், யூசுப்புக்கு டுரியான். தலைமை அலுவலகம் அனுப்பும் அச்சடித்த ரோஸ்டரில் கமலமும் யூசுப்பும் வாரம் மாறி வாரம் காலையும் மாலையும் வருவார்கள். பலகையில் கத்தரிக்காய் எப்போதும் காலையில், டுரியான் எப்போதும் மாலையில். யூசுப்புக்கும் அதுதான் தோது. அவர் மனைவி ஃபஸீலாவுக்குத் தேக்கா மார்க்கெட்டில் அப்பக் கடை. காலையில் மாவுச் சட்டி தூக்க ஆள் வேண்டும். வருகைத் தாளில் அச்சில் யார் பெயர் இருக்கிறதோ அந்தப் பெயருக்கு எதிரே ஒரு டிக். தாள் சுத்தமாக இருக்கும், தலைமை அலுவலகம் சந்தோஷமாக இருக்கும். ஒன்பது நிலையங்களிலும் இதுதான் வழக்கம். இதைத் தப்பு என்று யாரும் நினைக்கவில்லை, தாளையும் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

பெரிய கம்பெனி பார்த்தது. பார்த்துவிட்டு அசந்துபோய்ப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது.

யூசுப் கடிதத்தை முடித்துவிட்டு மெதுவாக மேசைமேல் வைத்தார். “அறுநூத்துப் பதினொண்ணு. நான் எண்ணவே இல்லக்கா.”

“உன் பெயரில இருக்குற மாலையெல்லாம் சேர்த்தா ஆயிரத்து இருநூறு தாண்டும். எடுத்துக்கிட்டுப் போ, நீயே லீடர் ஆகு.”

“வேணாம்னு எழுதிக் கொடுத்திடுங்க லா.”

“ஏன்னு கேப்பாங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போகணும்னு சொல்லணும். அஞ்சு வருஷமா வந்தீங்களேன்னு தாளைக் காட்டுவாங்க.”

“அப்ப ஒத்துக்கிட்டு, பிறகு நாம மாத்திக்கலாம்?”

“அங்க முகத்தைக் காட்டினாத்தான் கதவே திறக்குமாம்,” என்று வாசலில் நின்றபடி சொன்னாள் லீலா. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள். “உன் முகத்துக்குக் கத்தரிக்காய் ஒட்டி அனுப்ப முடியாது, யூசுப்.”

மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால் லீலாவின் பெயர் கெடும். அவள் ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருந்தது. யூசுப்பின் அப்பக் கடையை இரண்டாவது வேலை என்று யாராவது எழுதிவிட்டால் அதுவும் வம்பு. சொல்லாவிட்டால் கோவிந்தராசுவுக்கு மாலையில் ஊட்ட ஆள் இல்லை. மூவருக்கும் இது தெரியும். யாரும் யாரையும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று மாலை கமலம் கணவருக்கு மசித்த சோறும் பருப்பும் ஊட்டினாள். எட்டாவது வாயில் அவர் கையால் தடுத்து, “மூஞ்சி,” என்றார்.

“மூஞ்சிக்கு என்ன? விழுங்குங்க, அப்புறம் பேசலாம்.”

விழுங்கினார். கமலம் விஷயத்தைச் சொன்னாள். அவர் யோசித்து, ஒவ்வொரு சொல்லாகத் தள்ளினார். “டே கேர்லயே... ராத்திரி வரை...”

“ஆறரைக்கு மூடிருவாங்க. அந்த யோசனை எனக்கு வராதா?”

நிரஞ்சனா வந்ததும் தான் வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னாள். கமலத்துக்குக் கோபம் வந்தது. “முப்பது வயசில வேலையை விட்டா அம்பது வயசில என்ன பண்ணுவே? என்னை மாதிரி யார் டீயையோ எடுத்துக் குடிப்பே. போ, சாப்பிடு.”

இணைப்புக்கான நேர்காணல்கள் ஃபேரர் பார்க்கில் ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் நடந்தன. கமலத்துக்கு வியாழக்கிழமை காலை பத்து மணி. மேசைக்கு எதிரே இருந்த பெண்ணின் பெயர் நிவேதிதா. திருச்சியிலிருந்து வந்து நான்கு வருடம் ஆகிறதாம். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டாள். மேசைமேல் ஒரு பிளாஸ்க், ஒரு கணினி, ஒரு அடுக்குத் தாள்கள்.

“உக்காருங்க ஆன்ட்டி. உங்க ரெக்கார்ட் ரொம்ப நல்லா இருக்கு. ரெண்டு மூணு கேள்விதான். கடைசிப் பயணி போனதும், ஷட்டரை இறக்குறதுக்கு முன்னால லிஃப்ட்டை எப்படி நிறுத்துவீங்க? புதுப் பேனல்ல.”

கமலம் வாயைத் திறந்தாள், மூடினாள். புதுப் பேனல் வந்து மூன்று வருடம். காலையில் அது தானாகவே விழித்திருக்கும். அவள் தொட்டதே இல்லை. ‘சாவியைத் திருப்பி நிறுத்துவேன்’ என்று ஏதாவது சொல்லலாம், சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் ஆளைத் தூக்கத் தெரியாதவள் தெரியும் என்று சொல்லிக் கட்டிலில் கை வைத்தால் விழுவது நோயாளிதான். நாளைக்கு சுவா சூ காங்கில் யாராவது ஒரு கிழவர் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு நின்றால்? அவருக்கும் வீட்டில் யாரோ கஞ்சி வைத்துக் காத்திருப்பார்கள்.

“தெரியாதும்மா,” என்றாள். “நான் ஸ்டேஷனைப் பூட்டி அஞ்சு வருஷம் ஆச்சு.”

நிவேதிதா கணினியைப் பார்த்தாள். “ஆனா இதுல...”

“அதுல நான். ஸ்டேஷன்ல வேற ஆளு.”

“யாரு?”

“அதை மட்டும் கேக்காதீங்க. என் வீட்டுக்காரருக்குச் சாயங்காலம் நான்தான் ஊட்டணும். அதுக்காக நானாத்தான் மாத்திக்கிட்டேன். வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்ல, யாருக்கும் தெரியாது. என்ன தண்டனையோ என் பேர்ல மட்டும் எழுதிக்குங்க.”

நிவேதிதா பேனாவைக் கீழே வைத்தாள். கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று கமலம் எட்டிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஆன்ட்டி, நீங்க இருபத்தேழாவது ஆளு.”

“எதுக்கு?”

“திங்கக்கிழமையிலேருந்து ஒவ்வொருத்தரா வந்து இதையேதான் சொல்றாங்க. நான் மட்டும்தான் மாத்திக்கிட்டேன், வேற யாருக்கும் தெரியாது. இருபத்தேழு பேரும் தனித்தனியா மாத்திக்கிட்டாங்களாம். எனக்குப் புரியல, தனியா எப்படி ஆன்ட்டி ஷிஃப்ட் மாத்திக்க முடியும்?”

கமலம் மடியிலிருந்த பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

“நேத்து ஒருத்தர் வந்தாரு. உங்களை மிரட்டி மாலை ஷிஃப்ட்டைப் பிடுங்கிக்கிட்டாராம். நீங்க அவரைப் பாத்தாலே நடுங்குவீங்களாம்.”

“யாரு, யூசுப்பா? அவன் பூனையைக்கூட அதட்ட மாட்டான் லா!” என்று சொல்லிவிட்டு, கமலம் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“பரவாயில்ல, பேரு முன்னாடியே இருக்கு.” நிவேதிதா கணினியை அவள் பக்கம் திருப்பினாள். திரையில் வெள்ளைப் பலகையின் புகைப்படம்; கத்தரிக்காய் காலையில், டுரியான் மாலையில், மூலையில் தேதி. “லீலா ஆன்ட்டி திங்கக்கிழமை முதல் ஆளா வந்துட்டாங்க. ஞாயித்துக்கிழமை பலகையை அழிக்கிறதுக்கு முன்னால ஒவ்வொரு வாரமும் போட்டோ எடுத்து வச்சிருக்காங்க. யாரு உண்மையில எங்க இருந்தாங்கன்னு ஒரு நாள் தேவைப்படும்னு நினைச்சாங்களாம். இருநூத்து அறுபது போட்டோ.”

கமலத்துக்குக் காது சூடாகிவிட்டது. மூன்று நாளாக லீலாவைக் காப்பாற்றுவதற்காகச் சொற்களை அளந்து வைத்துக்கொண்டு வந்திருந்தாள். லீலாவோ அதற்குள் எல்லாவற்றையும் இங்கே கொட்டிவிட்டு, பேன்ட்ரியில் ஒரு வார்த்தை பேசாமல் பிஸ்கட் தின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

“லீலாக்காவுக்கு என்ன ஆகும்?”

“ஒரு கேள்வி ஆன்ட்டி. உங்களுக்கு வந்த கடிதத்தோட நாலாம் பக்கத்தைப் படிச்சீங்களா?”

“மூணாம் பக்கத்தோட நிறுத்திட்டேன். அதுக்கு மேல எழுத்து சின்னது.”

“இருபத்தேழு பேருல ஒருத்தர்கூடப் படிக்கல.” நிவேதிதா ஒரு தாளை எடுத்து விரலால் காட்டினாள். “பழைய பதிவுல தப்பு இருந்தா, இணைப்புக்கு முன்னாடி நீங்களே வந்து திருத்திக்கலாம். அப்படித் திருத்தினா ஒழுங்கு நடவடிக்கை கிடையாது. அட்வைஸ் லெட்டர் ஒண்ணு வரும், அவ்வளவுதான். எங்களுக்கு வேண்டியது யாருக்கு என்ன தெரியும்ங்கிற உண்மை. பூட்டத் தெரியாதவங்களைப் பூட்டச் சொல்லக் கூடாது. இதை நீங்களே சொல்லித் திருத்திக்கணும்னுதான் எல்லாரையும் கூப்பிட்டேன், தெரியாத மாதிரியும் கேட்டேன். நீங்க எல்லாரும் ஜெயிலுக்குப் போற மாதிரி வந்து உக்காருறீங்க.”

கமலம் நாற்காலியில் சாய்ந்தாள். அவள் அந்த அறைக்குள் வந்ததிலிருந்து முதுகு நாற்காலியைத் தொட்டிருக்கவில்லை.

“இன்னொண்ணு,” என்றாள் நிவேதிதா. “யூசுப் அங்கிள் மேல ஒரு புகார் இருக்கு. போன வருஷம் காலை ஷிஃப்ட்டுல, பெரிய சைக்கிளோட வந்த ஒருத்தரைத் திட்டினதா. தாளுல அன்னிக்கு அவரு காலை. போட்டோவுல...”

“நான்தான். தள்ளுவண்டியில குழந்தையோட ஒரு பொண்ணு நிக்கிது, அந்த ஆளு சைக்கிளைக் கதவுக்குக் குறுக்கே போட்டுக்கிட்டு போன்ல பேசுறான். மறுபடி வந்தாலும் திட்டுவேன். அதை என் பேருக்கு மாத்திடுங்க.”

“மாத்திடறேன்.” நிவேதிதா எழுதிக்கொண்டாள். “காலை ஷிஃப்ட் கிடைக்கும்னு இப்ப என்னால சொல்ல முடியாது ஆன்ட்டி. பராமரிக்கிறவங்களுக்குன்னு ஒரு ஏற்பாடு இருக்கு, டாக்டர் கடிதம் கேப்பாங்க. மேலே அனுப்பறேன். ஒரு வாரம்.”

கமலம் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள். விழுங்கல் பயிற்சியாளரின் அறிக்கை, டாக்டரின் குறிப்பு, பராமரிப்பு நிலையத்தின் நேர அட்டவணை. எல்லாவற்றிலும் இரண்டு நகல். எதற்கும் இருக்கட்டும் என்றுதான் கொண்டுவந்திருந்தாள். நிவேதிதா புரட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாரும் உங்களை மாதிரி வந்தா எனக்கு வேலையே இல்ல,” என்றாள்.

கீழே இறங்கித் தேக்காவுக்கு நடந்தாள். ஃபஸீலாவின் கடையில் கூட்டம் ஓய்ந்திருந்தது. யூசுப் ஏப்ரனோடு சட்டி கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் வெளிறியது.

“என்னைப் பாத்து நீ ஏன் நடுங்குறே, உன்னைப் பாத்து நான்தான் நடுங்கணும்,” என்றாள் கமலம். “மிரட்டினியாமே?”

“வேற என்னக்கா சொல்றது! அந்தப் பொண்ணு கேள்வி மேல கேள்வியா கேட்டுச்சு.”

“இவரு மிரட்டினாராம்!” ஃபஸீலா கரண்டியை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “வீட்டில பல்லி விழுந்தா நான்தான் எடுத்துப் போடணும்.”

கமலம் நாலாம் பக்கத்தைப் பற்றிச் சொன்னாள். நிவேதிதா அதை முந்தின நாளே சொல்லியிருந்தாள், பயத்தில் யூசுப்பின் காதில் எதுவும் விழவில்லை. யூசுப் கழுவிய சட்டியையே மறுபடியும் கழுவினார். பிறகு, “அப்ப கடையைப் பத்திச் சொல்லலாமா?” என்று கேட்டார்.

“சொல்லிடு. மனைவிக்குச் சம்பளம் இல்லாம உதவுறதுக்கு யாரு என்ன சொல்லப் போறாங்க?”

“சம்பளம் இல்லாமன்னு யாரு சொன்னது? ரெண்டு அப்பம் கொடுக்கிறேன்ல,” என்றாள் ஃபஸீலா. கமலத்துக்கும் இரண்டு வைத்தாள். நாலு நாளைக்குப் பிறகு அன்றுதான் கமலம் ருசி தெரிந்து சாப்பிட்டாள்.

ஒரு வாரம் என்றது ஒன்பது நாளானது. அந்த ஒன்பது நாளும் நிலையத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சிரிப்பு வந்தது. யார் யார் யாரைக் காப்பாற்றப் போய் என்னென்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தது. ஏழாம் நிலையத்து அஹமது கபீர் தனக்கு ஞாபக மறதி, அதனால்தான் தப்பான நேரத்துக்கு வந்துவிட்டேன் என்று சொல்லிவைக்க, அவரை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்கள். பரிசோதனையில் அவருக்கு எதுவும் மறக்கவில்லை என்று தெரிந்ததாம்.

லீலாவிடம் கமலம் கேட்டாள். “எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா நீங்க தடுப்பீங்க. தடுத்தா எனக்கும் போக மனசு வராது.” அவ்வளவுதான் பதில்.

கடிதங்கள் மூவருக்கும் ஒரே நாளில் வந்தன. கமலத்துக்குச் சுவா சூ காங் நியமனம் ரத்து. கிளமெண்டியிலிருந்து இரண்டு நிலையம் தள்ளி, ஓராண்டுக்கு நிலையான காலை ஷிஃப்ட். ஆண்டு முடிவில் டாக்டரின் புதுக் கடிதம் கொடுத்து நீட்டித்துக்கொள்ளலாம். கூடவே அட்வைஸ் லெட்டர், சைக்கிள் புகாருக்குத் தனியாக ஒன்று. லீலாவுக்கு எச்சரிக்கை; ஆனால் வேலை, நிலை, ஓய்வு பெறும் தேதி எல்லாம் அப்படியே. யூசுப்பைப் பூட்டுவதற்கான வாய்மொழித் தேர்வுக்கு வரச் சொன்னார்கள். லிஃப்ட் பேனல் கேள்விக்கு அவர் சொன்ன பதிலைத் தேர்வாளர் எழுதி முடிக்கும் முன்பே அடுத்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டாராம். சுவா சூ காங் மாலை ஷிஃப்ட்டின் தலைவர் அவர்தான்.

“லீடர்னா மீட்டிங் இருக்குமாமே அக்கா,” என்று போனில் புலம்பினார். “மாட்டி விட்டுட்டீங்க.”

“அறுநூத்துப் பதினோரு தடவை என் பேர்ல பூட்டினேல்ல, இனிமே உன் பேர்ல பூட்டு. போனை வை, வேன் வந்திருச்சு.”

ஜூலை முதல் தேதி மாலை அது. புதுச் சட்டையின் கழுத்து கொஞ்சம் அரித்தது. கமலம் புளோக்கின் கீழே நின்று, சக்கர நாற்காலியைப் பிடித்து, பிரேக்கைத் தட்டிவிட்டு, கோவிந்தராசுவின் வலது காலைக் கால்பலகையில் எடுத்து வைத்தாள்.

அவர் சட்டையைப் பார்த்தார். “நிறம்... நல்லா இல்ல.”

“நானும் அதைத்தான் சொன்னேன்,” என்று கமலம் நாற்காலியை லிஃப்ட் பக்கம் திருப்பினாள். “பூசணிக்காய் மசிச்சு வச்சிருக்கேன். பசிக்குதா?”

“பசிக்குது,” என்றார் அவர், தடங்கலில்லாமல்.